ஒன்பதாவது சிவப்புப் பொட்டு

போன வாரம் காரைப் புதுக்கோட்டையில் சர்வீசுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். கைபேசியில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. வண்டியை உயரத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சீருடை போட்ட ஒருவர் டார்ச் அடித்து அடிப்பக்கம் முழுக்கக் காட்டிக்கொண்டே போகிறார். “சார், இது உங்க வண்டியோட அடிப்பாகம். எங்கயும் லீக் இல்ல சார்.” மரியாதையான குரல்தான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருடமாக ஓட்டுகிற வண்டியின் வயிற்றை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. இது என் வண்டிதான் என்று எப்படி நம்புவது?

மனைவியிடம் சொன்னேன். “நம்பர் பிளேட்டக் காட்டிட்டுத்தானே கீழ போறாரு” என்றாள்.

“காட்டிட்டு, வீடியோவ நிறுத்திட்டு, பக்கத்து வண்டிக்குக் கீழ போக எவ்வளவு நேரம் ஆகும்?”

“மாமா எங்கயும் போகல. ஒங்களுக்குள்ளதான் உக்காந்திருக்காரு” என்று ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

மாமா என்றது என் அப்பாவை. ஆலங்குடியில் தேங்காய், கடலை மண்டி வைத்திருந்தவர். சந்தேகம் அவருக்குச் சர்க்கரை வியாதி மாதிரி, கூடவே இருந்தது, கூடவே வளர்ந்தது. மூட்டையின் மேல்வாயில் கிடக்கும் கடலையை அவர் பார்க்கவே மாட்டார், நடுவில் குத்தி எடுத்துத்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எழுந்து போனதும், ‘நம்ம ஊட்டுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாங்க?’ என்று யோசிப்பார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளை நம்பி வாங்கினார். அது ஒரு ஜப்பான் கம்பெனியின் எட்டு பேர் உட்காரும் டீசல் வண்டி. நம்பி என்று சொல்வதுகூடத் தப்பு. என் சித்தப்பா நம்பினார், அப்பா கையெழுத்துப் போட்டார்.

சித்தப்பா சவுதியில் டிரைவர். லீவில் வரும்போதெல்லாம் அந்தக் கம்பெனியின் புராணம்தான். பாலைவனத்தில் மணல் புயலில் மூன்று நாள் புதைந்து கிடந்த வண்டியைத் தோண்டி எடுத்துச் சாவி போட்டால் முதல் தடவையிலேயே பிடிக்குமாம். அந்தக் கம்பெனியை ஆரம்பித்த குடும்பம் முதலில் தறி இயந்திரம் செய்துகொண்டிருந்ததாம். ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடுமாம், மட்டமான துணியை நெய்யவே நெய்யாதாம். பிறகுதான் கார் செய்ய வந்தார்களாம்.

“தறிக்காரனுக்குக் கார்ல என்னடா வேலை?” என்றார் அப்பா.

“அண்ணே, அதே புத்திதாண்ணே. பேக்டரியில எந்தத் தொழிலாளிக்காச்சும் ஒரு தப்பு கண்ணுல பட்டா, கயித்தப் பிடிச்சு இழுத்தாப் போதும், மொத்த வேலையும் நின்னுரும். அப்பறம் ஏன் தப்பாச்சு, ஏன் தப்பாச்சுன்னு அஞ்சு தடவ கேப்பாங்களாம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. “அப்ப அவன் செஞ்சதையே அவன் நம்பல” என்றார். அன்றைக்கே முடிவாகிவிட்டது.

புது வண்டி வாங்குகிற ஆள் அவர் இல்லை. கட்டுமாவடியில் ஒரு மீன் வியாபாரி விற்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கிட்டுப் போனோம். எங்கள் பக்கத்தில் கடற்கரை வண்டி என்றாலே ஒரு பயம் உண்டு. மீன் ஏற்றியிருப்பார்கள், ஐஸ் தண்ணீர் இறங்கி அடித்தகடு உப்பில் அரித்திருக்கும். அதனால் வாங்கப் போகிறவர்கள் மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பது வழக்கம். அப்பா அதோடு நிற்கவில்லை. கதவுக்குக் கீழே விரலைவிட்டுத் தடவி, அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். வியாபாரி பதறிப்போய், “அண்ணே, ஓட்ட வாங்குறீகளா, திங்க வாங்குறீகளா?” என்றார். உப்புக் கரிக்கவில்லை. வாங்கிவிட்டோம்.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் மண்டியில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டி தேர். எங்களுடைய பழைய குண்டு கார் புதுக்கோட்டை போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடிக்கும். இது திருச்சி போய்வந்தும் மூச்சு வாங்காது. ஆலங்குடியில் அதே வண்டி வைத்திருந்த டாக்சிக்காரர்கள், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டினால்தான் அதன் இஞ்சின் வயசுக்கே வருகிறது என்பார்கள். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மண்டி வண்டியைக் கேட்டு ஆள் வந்தது. எனக்கு ஏறுமுகம். அப்பாவுக்குத்தான் தூக்கம் கெட்டது.

“எட்டு மாசமாச்சு. ஒரு நா கூட நிக்கல. என்னமோ இருக்குடா” என்பார்.

நிற்காத வண்டி அவருக்குப் புரியவில்லை. பழைய கார் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும், அது ஏமாற்றினால் அவருக்கு நிம்மதி. இதுவோ ஏமாற்றவே மாட்டேன் என்கிறது. கடைசியில் அவரே ஒரு விடை கண்டுபிடித்தார். வண்டி நல்ல வண்டிதான், அதனால்தான் ஆபத்து. அதன் உள்ளே இருப்பதெல்லாம் அசல் ஜப்பான் சாமான். மெக்கானிக் கையில் கொடுத்தால் அசலைக் கழற்றிக்கொண்டு போலியை மாட்டிவிடுவான்.

இந்தப் பயம் அவருக்கு மட்டும் இருந்ததில்லை. அந்த வண்டி வைத்திருந்த அத்தனை பேருக்கும் இருந்தது. ஒர்க் ஷாப்பில் விடுவதற்கு முன்னால் சாமான்களில் ரகசியமாக அடையாளம் வைப்பார்கள். ஒருவர் ரம்பத்தால் கீறிவிடுவார். ஒருவர் வீட்டுக் கதவுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்டில் புள்ளி வைத்திருப்பார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் பேட்டரிக்குக் குங்குமம் வைத்து அனுப்பிவிட்டு, கழுவி வந்ததும் பேட்டரியை மாற்றிவிட்டார்கள் என்று குதித்தார். அப்பா தேர்ந்தெடுத்தது என் அக்காவின் சிவப்பு நகப்பாலீஷ். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அந்த வாசனை வந்தால் எனக்கு இஞ்சின் ஞாபகம்தான் வருகிறது. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடைக்கலம் என்பவர்தான் எங்கள் மெக்கானிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. ஸ்க்ரூ டிரைவரின் ஒரு நுனியை இஞ்சினில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு என்னிடம் நீட்டுவார். “கேளுங்க தம்பி, தையல் மிஷின் கணக்கா ஓடுது பாருங்க.” எனக்கு ஒன்றும் கேட்காது, இருந்தாலும் தலையாட்டுவேன். அவருக்கு அந்த வண்டிமேல் எங்களைவிடப் பிரியம். ஆயில் மாற்ற வேண்டிய நாள் எனக்கு மறந்தால்கூட அவர் ஆள் அனுப்புவார்.

அப்பா நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஒன்பது சாமான்களின் பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஒன்பதிலும் பொட்டு. எட்டை அவரே காலையில் வைத்துவிட்டார். ஒன்பதாவது டைனமோ. அது உள்ளே இறங்கி இருக்கும், அவர் கை போகாது. என் கை ஒல்லி. “நீ வையி” என்றார்.

அப்போதுதான் புதுக்கோட்டையிலிருந்து ஓட்டி வந்திருந்தேன். இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. கையைவிட்டேன், சுட்டது, எடுத்துவிட்டேன். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்பா, “வச்சிட்டியா?” என்று கேட்டார். “வச்சாச்சுப்பா” என்றேன்.

இவ்வளவுதான் நான் செய்தது. வெயிலில் நின்ற ஒருவன் சொன்ன ஒரு சோம்பேறிப் பொய்.

வண்டியைச் சர்வீசுக்கு விட்டு மறுநாள் எடுத்துவந்தோம். அப்பா அக்காவின் முகக்கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். எட்டுப் பொட்டும் இருந்தன. டைனமோவில் இல்லை.

அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். கடைசியில் கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷம். “சூட்டுல உருகிருக்கும்பா” என்று சொல்லிப் பார்த்தேன்.

“மத்த எட்டும் ஏன் உருகல?” என்றார். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். அதற்குள் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

காலை பத்து மணி, பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அப்பா இறங்கியதுமே சத்தம் போட்டார். “என் டைனமோ எங்கடா?”

அடைக்கலத்துக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் சிரித்தார். “அண்ணே, அத நான் தொடவே இல்லண்ணே. கழட்டிக் காட்டுறேன், கம்பெனி எழுத்து போட்டிருக்கும், பாத்துக்கங்க.”

“அந்த எழுத்து ஒனக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. யார் வேணாலும் அடிச்சு ஒட்டலாம்.”

கூட்டத்தில் ஒருவர், தன் பேட்டரி ஒரே வருடத்தில் போனதைச் சொன்னார். இன்னொருவருக்கு ஸ்டெப்னி டயர் ஞாபகம் வந்தது. அதுவரை வராத ஞாபகமெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் வந்தது. அடைக்கலம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்கதானே விட்டுட்டுப் போனீங்க.” நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிரில் பிள்ளையார் கோயில். அவர் கையைக்கூடக் கழுவவில்லை. கடையில் ஒரு கட்டி சூடம் வாங்கி, வாசல் கல்லில் வைத்துக் கொளுத்தி, கிரீஸ் கையால் ஓங்கி அடித்து அணைத்தார். “இவுக வண்டியில ஒரு சாமான மாத்தியிருந்தா என் குடும்பம் வெளங்காது.” அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. கூட்டம் அப்பாவைப் பார்த்தது.

அப்பா வண்டியில் ஏறினார். எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: “இவ்வளவு லேசா சத்தியம் பண்றான்னா பழக்கப்பட்ட கைடா.”

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஜப்பான் வண்டிகள் ஒவ்வொன்றாகப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டன. பிறகு மற்ற வண்டிகளும் குறைந்தன. நான் கொட்டகைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தேன். தலைவலி வந்தால்கூட, பொய்ப்பழிக்குக் காரணமானவனைத் தேடி அந்தச் சூடம்தான் வேலை செய்கிறதோ என்று பயந்தேன், ஆனால் பயந்த அளவுக்கு வாய் திறக்கவில்லை. ஒருநாள் கொட்டகையில் கோழிக்கடை வந்திருந்தது. அடைக்கலம் எங்கே போனார் என்று கேட்டால், ‘மாட்டிக்கிட்டான்ல, போய்ட்டான்’ என்றார்கள். ஊரைவிட்டுப் போனதே சாட்சியாகிவிட்டது.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டேன். அந்த ஒன்பதாவது பொட்டை நான் வைக்கவே இல்லை என்று. அவர் விட்டத்தைப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். மெல்லத் தலையைத் திருப்பி, “இத எதுக்கு இப்பச் சொல்ற? அவன் ஒன்னயப் பாத்தானா? ஏதும் குடுத்தானா?” என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம்தான் இருந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் அவரோடு போகவில்லை, என்மேல்தான் திரும்பியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெகதாப்பட்டினத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது, காரில் பெல்ட் கீச்சிட ஆரம்பித்தது. ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில் மீன் வண்டிகள் பார்க்கும் ஒர்க் ஷாப் ஒன்று இருந்தது. உள்ளேயிருந்து வந்தவர் அடைக்கலம். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. பானட்டைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நடந்தது, அப்பா கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அவர் முழுக்கக் கேட்டார். “சரிங்க சார். வண்டிக்கு என்ன?” என்றார்.

“அண்ணே...”

“பெல்ட்டுதான். கால் மணி நேரம் ஆகும். நீங்க இங்கிட்டு வந்து நில்லுங்க சார்.”

நிழலில் நாற்காலி கிடந்தது. அதில் உட்கார அவர் விடவில்லை. யாரையுமே விடுவதில்லையாம். பானட்டுக்கு முன்னால் நின்றேன். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் விரலால் காட்டினார். இதைக் கழற்றுகிறேன், இதைத் தொடவில்லை, இது புதிது, உறை நீங்களே பிரியுங்கள். பழைய பெல்ட்டைத் துடைத்துச் சுருட்டிப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். பானட்டை மூடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் பாத்துட்டீங்களா?”

தலையாட்டினேன்.

“வாயால சொல்லுங்க சார்.”

“பாத்துட்டேன்.”

பானட்டை மூடிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவர் என்னை அடித்திருக்கலாம், நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருக்கலாம், நான் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்காகத்தான் அங்கே நின்றேனோ என்னவோ. ஆனால் திட்டுவதற்கும் ஒரு உறவு வேண்டுமே, அவரிடம் எனக்காக அதுகூட மிச்சமில்லை.