கலியபெருமாளின் வயிற்றுக்கட்டி

2024 ஆகஸ்ட் 6 – இரத்தப் பரிசோதனை – ரூ. 350
ஆகஸ்ட் 9 – எண்டோஸ்கோப்பி – ரூ. 3,200
ஆகஸ்ட் 13 – ஸ்கேன் – ரூ. 6,500
ஆகஸ்ட் 20 – வயிற்றைத் திறந்து அறுவை, மதிப்பீடு – ரூ. 1,15,000
அதே நாள் – துளை வழியாக அறுவை, மதிப்பீடு – ரூ. 1,48,000

இடையிலிருந்த முப்பத்து மூவாயிரம் கலியபெருமாளை உறுத்தவில்லை. உறுத்தியது அந்தத் துளைதான்.

தொண்டூர்க்காரரான அவருக்கு வயது ஐம்பத்தேழு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், ஊர் வாயில் ‘கமிட்டி’, நெல் வியாபாரி ரசூலுக்காக முப்பத்தோரு வருடம் நெல் தரம் பார்த்தவர். மூட்டையில் குத்தூசியைச் செருகி மாதிரி எடுப்பதுதான் வேலை. ஆனால் குத்தூசியை அவர் முழுதாக நம்பியதில்லை. ஓரத்தில் நல்ல பொன்னியும் நடுவில் பதரும் வைத்துத் தைத்த மூட்டைகளை எத்தனையோ பார்த்தாயிற்று. சந்தேகம் தட்டினால் தையலைப் பிரித்துத் தரையில் கொட்டிவிடுவார்.

ஆகவே, இரைப்பையின் வெளிச்சுவரில் நாலு சென்டிமீட்டர் கட்டி இருக்கிறது, துளை போட்டே எடுத்துவிடலாம் என்று புதுச்சேரி மருத்துவமனையில் டாக்டர் சுமலதா சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேணாம்மா. கிழிச்சே எடுத்துடுங்க. துளையில பாத்தா ஓரந்தான் தெரியும். நடுவுல இன்னா இருக்குதுன்னு கொட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“உன் வயிறு இன்னா நெல்லு மூட்டையா?” என்று இடித்தாள் மனைவி ரஞ்சிதம். “டாக்டரம்மாவுக்கே வித்தை கத்துக் குடுக்குது பாரு!”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயா, நீங்க வெளியில நின்னு குத்தறீங்க. நான் கேமராவையே உள்ள அனுப்பறேன். திறந்து பாக்கறதைவிடப் பெருசாத் தெரியும்.”

அதற்கும் அவர் மசியவில்லை. “சரிம்மா. வெளிய வர்ற வழியில ஒடஞ்சிட்டா?”

கேட்க வேண்டிய கேள்விதான் அது. இவ்வகைக் கட்டி வயிற்றுக்குள் உடைந்தால், சிந்திய இடத்திலெல்லாம் மறுபடி முளைக்கக்கூடும்.

“கட்டியைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். சுத்தி இருக்கற இரைப்பையோட சேத்து வெட்டி, உள்ளயே ஒரு பையில போட்டு, வாயை இறுக்கி, தொப்புள்கிட்ட கொஞ்சம் பெருசா வெட்டி எடுத்துடுவேன். ஒடையற மாதிரி இருந்தா துளையோட மல்லுக்கட்ட மாட்டேன், அங்கயே திறந்துடுவேன். கட்டி இன்னும் பெருசா இருந்தா நானே மொதல்ல திறக்கத்தான் சொல்லியிருப்பேன்.”

பை என்றதும் கலியபெருமாளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. “சாக்குல கட்டி எடுக்கறீங்க. அப்ப சிந்தாது.” துளை, தேவைப்பட்டால் திறப்பது, இரண்டுக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு நிபந்தனை: “எடுத்த கட்டியப் பிரிச்சுப் பாத்து, ஓரமெல்லாம் சுத்தம்னு எழுத்துல குடுக்கணும். போன்ல சொன்னா எடுத்துக்க மாட்டேன்.”

ஆகஸ்ட் 28, புதன்கிழமை அறுவை. இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று, திறக்க நேரவில்லை. மறுநாளே எழுந்து நடந்தார். ஐந்தாம் நாள் வீட்டில் கஞ்சி குடித்தார்.

பார்க்க வந்த ரசூல், சட்டையைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாய்யா பெருமாளு, கொசு கடிச்ச மாதிரி இருக்குது! ஆப்ரேஷன் பண்ணாங்களா, மருந்து தடவி அனுப்பிட்டாங்களா?”

“தோல்லதான் பாய் கொசுக்கடி. உள்ள வெட்டினது வெட்டினதுதான். ஆறு வாரம் மூட்டையத் தொடக் கூடாதுன்னு உத்தரவு.”

செப்டம்பர் 6-இல் முதல் கடிதம் வந்தது. கட்டியின் வகையை உறுதிசெய்ய இன்னொரு சோதனை நடக்கிறது, முடிவு பின்னால் வரும் என்று இரண்டே வரி.

“டாக்டரம்மா நேத்து போன்லயே நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிச்சே, இன்னும் ஏன் தபால்காரரப் பாத்துக்கினு கெடக்கறே?” என்றாள் ரஞ்சிதம், பத்து நாள் கழித்து.

“எழுத்து வரட்டும். அப்புறம் கறி எடுக்கலாம்.”

கட்டி உடையாமல் வந்தது, சுற்றிலும் ஓரம் சுத்தம், திரும்ப வரும் வாய்ப்பு குறைவு, மாத்திரை வேண்டாம், வருடத்துக்கு ஒரு ஸ்கேன் போதும் என்று டாக்டர் சுமலதா கையொப்பமிட்ட கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 2024 செப்டம்பர் 19, வியாழன்.