இருவர் நடக்கும் இத்தாலிய ஆட்டம்

என் மனைவி ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்குத் திருமணமாகி ஏழு வருடமாகியிருந்தது. அதில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது நாற்பத்தொரு நாள். மீதிக் காலமெல்லாம் நான் இங்கே அகதி விண்ணப்பத்தோடு இருந்தேன். அவள் முதலில் யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையிலும் இருந்தாள். விசா கிடைத்து அவள் வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன். என்னைப் போல ஒரு மடையனை நான் பிறகு எங்கும் சந்திக்கவில்லை.

மனுரேவாவில் எங்கள் வீட்டில் நாங்கள் அறை எடுத்துத் தங்கிய இரண்டு பேர்போல இருந்தோம். அவள் சமைத்து வைப்பாள். நான் விரி என்ற இடத்தில் கிடங்கு வேலை முடித்து வந்து சாப்பிடுவேன். "கறிக்கு உப்புக் காணுமோ?" என்பாள். "ஓம், காணும்" என்பேன். அன்றைய பேச்சு அதோடு சரி. மூன்றாம் மாதம் ஒருநாள், உடுப்பு மடித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"இந்தக் குளிர் முடியுமட்டும் பாக்கிறன். பிறகும் இப்பிடித்தான் எண்டால் நான் கனடாவுக்கு, அண்ணாட்டைப் போறன்."

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் யோசித்து முடித்தவளாகச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் கிடங்கு அலுவலகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கிளென் ஈடனில் ஒரு தேவாலய மண்டபத்தில் பழைய இத்தாலிய நடனங்களைப் பழக்குவார். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஆசிரியர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்து, குறிப்பு இல்லாத இடத்தை ஊகித்து, அடிகளை மறுபடி கட்டியெடுப்பது அவருடைய குழுவின் வேலை. ஒரு சோடி விலகிவிட்டதாம். "உன் மனைவியைக் கூட்டிவா. நடக்கத் தெரிந்தால் போதும்" என்றார். வீட்டில் இதை நான் பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"போவம்" என்றாள்.

மண்டபத்தில் நாங்கள் உட்பட ஐந்து சோடிகள். ஒரு கசெட்டில் குழலும் சிறு பறையும் ஒலித்தன. மற்றப் பெண்கள் நீளப் பாவாடையில் இருக்க, இவள் சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் என் கம்பளிச் சொக்ஸுமாக நின்றாள். மூன்றடி வைத்து நாலாவதில் பாதங்களைச் சேர்க்கும் நடைக்கு டொப்பியோ என்று பெயர். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. ஆண் தன் வலக்கையில் பெண்ணின் இடக்கையைப் பிடிக்கவேண்டும். ஒருவருக்கு இடக்கை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வலக்கையைக் குறுக்காக நீட்டினாள். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றோம். அது சரிவர ஒரு வாரம் பிடித்தது.

என்னுடைய குறை அதைவிடப் பெரியது. கைகோத்துப் புறப்பட்டால் மூன்றாம் அடியில் நான் முன்னால் போய்விடுவேன். புருஷன் முன்னே, பெண்சாதி நாலடி பின்னே என்று நடந்து பழகிய கால்கள் வேறென்ன செய்யும்? "எங்கே ஓடுகிறாய்? ரயிலுக்கா?" என்று ஆசிரியை கேட்பார். கசெட் வேகமாக ஓடுகிறது என்று முறைப்பட்டேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம்.

நாலாவது சனிக்கிழமை ஆட்டத்தின் நடுப்பகுதி வந்தது. அதில் ஆண், பெண்ணின் கையை விட்டு இரண்டு டொப்பியோ முன்னே போய்த் திரும்பி அவளைப் பார்க்கவேண்டும். அவள் எட்டு எண்ணும்வரை நின்ற இடத்தில் நின்று, பிறகு அவனிடம் வந்துசேர வேண்டும். நான் போனேன். திரும்பவில்லை. ஆசிரியை கசெட்டை நிறுத்தி மறுபடி போகச் சொன்னார். மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயணம் புறப்பட்டவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, போகிறவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். அதை அந்தப் பெண்மணிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மூன்றாம் தடவை எட்டும் கடந்துவிட்டது, அவள் வரவில்லை. அப்போதுதான் திரும்பினேன். கையைத் தொங்கவிட்டபடி அழுதுகொண்டிருந்தாள்.

"நான் மாட்டன். நான் நிண்டது காணும்."

எனக்கு முதலில் வந்தது வெட்கம். எட்டுப் பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம். கிட்டப் போய், "என்னப்பா? இது ஆட்டம்தானே" என்றேன்.

"நீங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கும் படலையடியிலை நிண்டனான். பஸ் போய்க் கன நேரம் நிண்டனான். நீங்கள் ஒருக்காவும் திரும்பேல்லை."

"திரும்பிப் பாக்கக் கூடாதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

ஏழு வருடமாக நான் பட்ட பாட்டைக் கடிதங்களில் எழுதியிருந்தேன்: வேலை, குளிர், விண்ணப்பம். போகிறவனுக்குத்தான் கஷ்டம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். நிற்கிறவளைப் பற்றி ஒரு வரி கேட்டதில்லை.

ஆசிரியையிடம் போய், அவள் முன்னே போய் நான் நிற்கலாமா என்று கேட்டேன். அவர் குறிப்பைப் புரட்டினார். "முதலில் ஆண் போவதாகத்தான் இருக்கிறது. கடைசியில் 'மீண்டும் செய்க' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். யார் போவதென்று இல்லை" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவள் போகட்டும்" என்றார்.

கசெட் தொடங்கியது. அவள் கண்ணைத் துடைத்து, என் கையை விட்டுவிட்டுப் போனாள். ஒன்று, இரண்டு. பின்னலில் நரை ஓடியிருப்பதை அன்றுதான் கண்டேன். மூன்று. முதுகு சற்றுக் கூனியிருந்தது; நான் விட்டுவந்த பெண் நிமிர்ந்து நடப்பவள். நாலு. இப்படியே கதவைத் திறந்து போய்விடுவாளோ என்று நினைத்தேன். ஐந்து. என் கால் தன்பாட்டில் எழும்ப, ஓடாத குறையாக அவளிடம் போய்விட்டேன்.

"எட்டு!" என்றார் ஆசிரியை. "நீ ஐந்தில் வந்துவிட்டாய்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அழுகிறேன் என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

"உங்களுக்கு நிண்டு பழக்கமில்லை" என்றாள். "நான் பழக்கிறன். கன காலம் எடுக்கும்."