சேர் வந்தாலும் திரும்பக்கூடாது

சனிக்கிழமைகளில் நான் பொல்லாதவள். மற்ற நாட்களில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பவள்தான். சனி காலை, நல்லூர்ப் பக்கத்தில் எங்கள் கழகம் வாடகைக்கு எடுத்திருக்கும் மண்டபத்தைத் திறந்து, உள்ளே சுடுகிறார்கள், நுழையவேண்டாம் என்று வாசலில் சிவப்புக் கொடியைக் கட்டியதும் என் முகம் மாறிவிடும். முன்பு ரியூசன் நடந்த மண்டபம் அது. பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளை எடுத்துவிட்டு, ஒரு பக்கச் சுவரில் தடித்த பலகையும் மணல் மூட்டையும் அடுக்கி, முன்னே இலக்குத் தாள்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதிலிருந்து பத்து மீற்றர் தள்ளித் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் நிற்பவர்கள் காற்றுத் துவக்கால் சுடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று அதட்டுவது என் வேலை.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டு அக்கம்பக்கத்தார் முதலில் முகம் கறுத்தார்கள். இந்த ஊரில் அதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. பிறகு, காற்றழுத்தத்தில் போகிற ஒரு சின்ன ஈயக்குண்டு என்று தெரிந்ததும் மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள். "காத்துத் துவக்குத்தானே, விளையாட்டுச் சாமான்" என்றார்கள். இந்த இரண்டாவது கதைதான் எனக்கு விசரைக் கிளப்பும். அந்தச் சின்னக் குண்டு ஒரு கண்ணை எடுக்கப் போதும். அதனால்தான் கத்துகிறேன். குழல் எப்போதும் இலக்குச் சுவரைப் பார்த்தே இருக்கவேண்டும். வெறும் துவக்கென்றாலும் குண்டிருக்கிற துவக்கென்றே நினைக்கவேண்டும். நான் சொல்லும்வரை குண்டு போடக்கூடாது, குறி பிடிக்கும்வரை விசையில் விரல் வைக்கக்கூடாது. 'ஸ்ரொப்' என்றால் ஸ்ரொப்தான், இன்னும் ஒன்று சுட்டுவிட்டு வருகிறேன் என்று யாரும் சலுகை கேட்கக்கூடாது. குண்டை உதட்டில் கவ்விக்கொண்டு நிற்கிறவர்களையும், கை கழுவாமல் வடையை எடுக்கிறவர்களையும் நான் ஏசுகிற ஏச்சு தெருவுக்குக் கேட்கும். ஈயம் அது, வடைக்குச் சம்பல் இல்லை.

அங்கே வருகிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவள் வடகரையிலிருந்து வருகிற ஒருத்தி. அவளும் புருசனும் மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் போடுகிறவர்கள். விடியமுன் ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டியில் அத்தனை தூரம் ஓடி வருவாள். ஐஸ் தங்கச்சி என்றே அவளைக் கூப்பிடுவோம். வயது நாற்பதை நெருங்குகிறது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஆனாலும் கோட்டில் போய் நின்றால் கை மரம் மாதிரி அசையாது.

ஒருநாள் தேத்தண்ணி நேரம், எதற்காக இவ்வளவு பாடுபடுகிறாள் என்று கேட்டேன்.

"கொழும்புக்கு நான் மூண்டு தரம் போயிருக்கிறன் அக்கா. அப்பாவின்ரை கண் ஒப்பரேசனுக்கு ஒருக்கா. பாஸ்போட் அலுவலா ஒருக்கா. தம்பியைப் பிளேன் ஏத்த ஒருக்கா. எனக்கெண்டு ஒருக்காலும் போகேல்லை."

"போய் என்ன செய்யப்போறீர்?"

"சுட்டுப்போட்டு வருவன். வேறை என்ன."

மாவட்டத் தெரிவில் முதல் நான்கு பேருக்குள் வந்தால் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். தனக்கென்று ஒரு பயணம்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வடகரையில் மிஷன் காலத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்து, அங்கேயே அதிபராகி இளைப்பாறியவர். பென்சன் எடுத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, குடாநாடு இன்னும் அவருக்கு எழும்பிக்கொண்டிருக்கிறது. பிதுங்கி வழிகிற பஸ்ஸில் அவர் ஏறினால் எங்கிருந்தோ ஒரு சீற் பிறக்கும். ஆஸ்பத்திரியில் டொக்டர் எழும்புவார். செத்தவீட்டில் அழுகிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு எழும்புவார்கள். அவர் அதைக் கேட்டு வாங்குவதில்லை. "இருங்கோ, இருங்கோ" என்று கையால் அமர்த்திக்கொண்டே போவார். ஆனால் தன்னைக் கண்டு எழும்பாத ஒருவரை அவர் கண்டதில்லை, தனக்குச் சாத்திய கதவையும் கண்டதில்லை. இரண்டும் சேர்ந்துதான் அன்றைக்கு வினையாயிற்று.

அன்று மாவட்டத் தெரிவு. கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஐஸ் தங்கச்சி புள்ளியில் இரண்டாவதாக நின்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், முகத்தில் காட்டவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்காமல் நின்றுவிட்டது. அப்பா எனக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். போட்டி நேரத்தில் நான் ஃபோனை நிறுத்தி வைப்பேன். மனிதர் சைக்கிளில் ஏறி வந்து, வாசலில் கட்டியிருந்த சிவப்புக் கொடியைக் கதவுச் சீலையை விலக்குவது போல விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, கடைசி வாங்குவரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்.

"பிள்ளை, மோட்டர் இழுக்கேல்லை."

ஐஸ் தங்கச்சி அப்போதுதான் குண்டைப் போட்டுப் பூட்டியிருந்தாள். துவக்கு இடுப்பு உயரத்தில் இருந்தது. குரல் கேட்டதுதான் தாமதம், முழு உடம்போடும் திரும்பினாள். குதிக்கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. குழல், பக்கத்தில் நின்ற நீர்வேலி வாழைத்தோட்டக்காரரின் முழங்காலைக் கடந்து, என்னைக் கடந்து, அப்பாவின் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

"குட்மோர்னிங் சேர்" என்றாள். அப்பாவிடம் படித்த காலத்தில் முழு வகுப்பும் சேர்ந்து சொன்ன அதே இழுவையோடு.

"இருங்கோ, இருங்கோ" என்றார் அப்பா.

நான் 'ஸ்ரொப்' என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய்க் குழலைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மற்றவர்கள் எல்லோரும் துவக்கை வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். "வெளியிலை போங்கோ அப்பா" என்றேன். அப்படி ஒரு சொல்லை அவருக்கு நான் சொன்னது அதுதான் முதல்தரம். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு வெளியே போனார்.

அவள் பூட்டைத் திறந்தாள். குண்டு உள்ளே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அப்பா நின்ற வாசலைப் பார்த்தாள்.

"சேரிலை பட்டிருக்குமே அக்கா?"

"பட்டிருக்கும்."

குண்டு போட்ட துவக்கோடு கோட்டிலிருந்து திரும்பினால் போட்டியிலிருந்து விலக்கவேண்டும். விதியில் அதற்கு விலக்கு இல்லை. சேருக்காகத் திரும்பினாலும் சரி, சுவாமிக்காகத் திரும்பினாலும் சரி. நான் சொல்லமுன்னமே அவள் கையுறையைக் கழற்றிவிட்டாள். அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாய் இருந்திருக்கும். வாசலில் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருக்கிறார்.

"என்ன பிள்ளை, முடிஞ்சுதோ?" என்று அவளைக் கேட்டிருக்கிறார்.

"முடிஞ்சுது சேர்" என்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

பின்னேரம் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் பெரிய வழக்கு. நடந்ததைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கோபம் வந்தது.

"அந்தப் பிள்ளை மரியாதைக்குத் திரும்பினவள். மரியாதைக்குத் தண்டனையோ?"

"குண்டுக்கு உங்களைத் தெரியாது அப்பா. அது உங்களிட்டைப் படிக்கேல்லை."

"நான் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுறன். பிழை என்னிலை எண்டு."

"எழுதுங்கோ. கொடியை விலக்கிக்கொண்டு வந்தவர் ஒரு பிரின்சிப்பல் எண்டும் மறக்காமல் எழுதுங்கோ."

அவர் எழுதவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார். அதற்குப் பிறகு எங்கள் மண்டபம் இருக்கிற ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் பெரிய தெருவால் சுற்றிக்கொண்டு போனார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாய்த்தான் இருந்தது. ஆயுள் முழுக்கப் பிள்ளைகளை மேலே ஏற்றிவிட்ட மனிதர், ஒருத்தியின் காலை வாரிவிட்டேனே என்று உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தார். அதற்காக விதி பிழை என்று சொல்ல என்னால் முடியாது.

ஐஸ் தங்கச்சி அடுத்த சனியே வந்துவிட்டாள். வந்தவள் ஒரு புதுக் கூத்துத் தொடங்கினாள். குண்டு போடாத துவக்கோடு தான் கோட்டில் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராய் வாசலால் வந்து தன்னைக் கூப்பிடவேண்டுமாம். நீர்வேலிக்காரரும் அப்பாவிடம் படித்தவர்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை, மோட்டர் இழுக்கேல்லை" என்று அப்பாவைப் போலவே சொல்வார். மண்டபம் முழுக்கச் சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொண்டு முறைப்பேன். முதலில் அவளுடைய தலை திரும்பியது. பிறகு தோள் மட்டும் அசைந்தது. மழைக்காலம் வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. "உவை எல்லாரும் சேர் இல்லை அக்கா. சேர் வந்து நிண்டால்தான் எனக்கு என்னைத் தெரியும்" என்றாள்.

அடுத்த தெரிவுக்கு முந்திய வாரம், பெட்டியில் ஐஸ் போட்ட விளைமீனோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா கதிரையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

"சேர், வாற சனிக்கிழமை நீங்கள் வரவேணும்."

"நான் வந்தால் நீர் திரும்புவீர், பிள்ளை."

"திரும்பமாட்டன் சேர்."

"நான் வீட்டிலை இருக்கிறன். நீர் நிம்மதியாய்ச் சுடும்."

"நீங்கள் அந்த ஒழுங்கைப்பக்கமே வாறேல்லையாம். அக்கா சொன்னவ. நீங்கள் இஞ்சை கவலைப்பட்டுக்கொண்டிருக்க நான் என்னெண்டு நிம்மதியாய்ச் சுடுறது?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவளை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "உமக்கு விசரோ? பயிற்சிக்கு ஒரு நாள் கூப்பிடும். தெரிவு அண்டைக்கு வேண்டாம். திரும்பினால் நான் உம்மைத் திரும்பவும் விலக்குவன்" என்றேன்.

"ஓம் அக்கா. விலக்குங்கோ" என்றாள்.

சனிக்கிழமை அப்பா வந்தார். கொடிக்கு முன்னால் நின்று, நான் கைகாட்டும்வரை காத்திருந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வந்து பின்சுவரோடு போட்டிருந்த கதிரையில் இருந்தார். அவள் இலக்கைப் பார்த்தபடி நின்றாள், அவர் வந்ததைக் காணவில்லை. கடைசிச் சுற்றுத் தொடங்கும்போது நான்காம் இடத்துக்கு அவளும் இன்னொருத்தியும் இழுபறியில் இருந்தார்கள்.

அப்பாவுக்குத் தொய்வு இருக்கிறது. தூசி பட்டால் இருமல் வரும். அடக்கிக்கொண்டு இருக்கிறார் என்று அவருடைய தோளைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. லேஞ்சியை வாயில் வைத்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐஸ் தங்கச்சி குண்டைப் போட்டு, துவக்கைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்த நேரம் இருமல் உடைந்தது. ஒன்றல்ல, தொடர்ந்து இருமினார். அந்தப் பாடசாலையில் படித்த எவருக்கும் அந்த இருமல் தெரியும். அதைக் கேட்டுத்தான் வகுப்புகள் அடங்குமாம்.

அவள் விரலை விசையிலிருந்து எடுத்தாள். துவக்கை மெதுவாய் இறக்கித் தாங்கியில் வைத்தாள், குழல் சுவரைவிட்டு ஓர் அங்குலம் விலகவில்லை. அவளுடைய கழுத்து நரம்பு புடைத்தது. விலகியிருந்த குதிக்கால்கள் தாமாகவே ஒன்றை ஒன்று நெருங்கி வந்தன. நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பாதே, என் தங்கச்சி, திரும்பாதே என்று மனதுக்குள் மன்றாடினேன். அவள் மூச்சை இழுத்து விட்டாள். காலை அகட்டி வைத்தாள். இருமல் ஓயும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றாள், பிறகு துவக்கை எடுத்துச் சுட்டாள். மிச்சக் குண்டுகளையும் அப்படியே சுட்டு முடித்தாள்.

நான்காவதாக வந்துவிட்டாள். துவக்கைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று காட்டுகிற நூலைக் குழலுக்குள் செருகி, நான் பார்த்துத் தலையாட்டிய பிறகே திரும்பினாள்.

"குட்மோர்னிங் சேர்" என்றாள். அப்போது மத்தியானம் கடந்திருந்தது. அப்பா லேஞ்சி பிடித்த கையை உயர்த்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்கு நீர்வேலிக்காரரைக் கை கழுவச் சொல்லி ஏசினேன்.

அப்பாவை என் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டேன். கொழும்பில் அவள் எங்கே தங்குவாள், யார் கூடப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். கழகம் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ அப்பா."

"இவ்வளவு காலத்திலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட பிள்ளை உவள் ஒருத்திதான்."

சொன்ன விதத்தில் அப்படியொரு பெருமை இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. நான் திரும்பவில்லை.