நாலாகப் பிரிய மறுத்த பாரை

ஞாயிற்றுக்கிழமை காலை. வாவிக்கரை மீன் சந்தை. நாலு பேர் சேர்ந்து வாங்கிய பெரிய பாரை ஒன்றை மீன்காரர் பலகையில் போட்டு வெட்டினார். டக். டக். டக். மூன்று வெட்டு — நாலு பங்கு!

"பின்னம்!" என்று கத்தியே விட்டேன்.

மீன்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அது இண்டைக்கு வரல்ல தங்கச்சி. பாரைதான் இரிக்கி."

என் அவசரம் அவருக்கு எங்கே தெரியும்? நான் தரம் நாலுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆசிரிய ஆலோசகர் பாடம் பார்க்க வருகிறார். போன முறை, 'காட்சிச் சாதனம் போதாது' என்று எழுதிவிட்டுப் போனவர். இம்முறையும் அப்படியென்றால், வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பாண்ட் வாத்தியக் குழுவுக்குப் பொறுப்பாக்குவதாக அதிபர் சொல்லியிருந்தார். எனக்கோ... விசில்கூட ஒழுங்காக ஊத வராது.

பின்னம் என்றாலே எல்லோரும் கேக் படம்தான் கீறுவார்கள். எங்கள் பிள்ளைகள் கேக்கைக் காண்பது பிறந்தநாளுக்கு. மீனை? மூன்று வேளையும்!

நாலு நாள் உழைப்பு. பிரிஸ்டல் போர்ட் அட்டையில் மூன்றடிப் பாரை. வெள்ளிப் பெயின்ட். சிரிக்கிற வாய். அடிமட்டம் வைத்து, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு வெட்டு. நாலு துண்டு. அச்சொட்டு!

வெள்ளிக்கிழமை. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார் ஆலோசகர், மடியில் கொப்பி.

"இதுல ஒரு துண்டு, முழு மீன்ல எத்தனையில ஒண்டு?" என்று கேட்டேன்.

"எந்தத் துண்டு டீச்சர்?" என்றாள் துஷானி. அவளுடைய அம்மா சந்தையில் மீன் விற்பவர்.

"எந்தத் துண்டா இருந்தா என்ன புள்ள? எல்லாம் நாலில ஒண்டுதான்."

"அப்ப வால நீங்க எடுங்க டீச்சர். நடுத்துண்ட எனக்குத் தாங்க."

அவ்வளவுதான்.

"எனக்கும் நடுத்துண்டு!"

"போடா, உனக்குத் தலை. கொண்டு போய்ச் சொதி வை!"

"எங்கட பூனைகூட இந்த வாலுக்கு வராது!"

ஆலோசகர் எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். என் காதுக்குள் பாண்ட் முழங்கத் தொடங்கியது.

"சரி... நிறுத்துப் பாப்பம்" என்றேன், வேறு வழியில்லாமல். டின் மூடிகளில் செய்த தராசு ஒன்று மூலையில் கிடந்தது. ஒரு தட்டில் நடுத்துண்டு, மற்றதில் வால். வால் விர்ரென்று மேலே போனது.

பட்டம், டிப்ளோமா எல்லாம் வைத்திருக்கிற நான் என்ன செய்திருக்கிறேன்? நீளத்தை நாலாகப் பிரித்திருக்கிறேன். மீனைப் பிரிக்கவே இல்லை!

"நான் வெட்டினது பிழை. ஆர் சரியா வெட்டுவீங்க?"

துஷானி கத்தரிக்கோலோடு வந்தாள். நடுத்துண்டுகளில் கீற்றுக் கீற்றாக நறுக்கி வாலுக்கும் தலைக்கும் கொடுத்தாள். நிறுத்தாள். திரும்ப நறுக்கினாள். ஒருவழியாக நாலும் சமன். இப்போது அது மீன் மாதிரியே இல்லை — ஆனால் நாலில் ஒன்று என்றால் நாலில் ஒன்று!

"துண்டு ஒரே மாதிரி இருக்கத் தேவல்ல டீச்சர்" என்றாள். "ஆருக்கும் கோவம் வராம இருந்தாச் சரி."

பின்னத்துக்கு இப்படியொரு விளக்கம் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பகல் சாப்பாட்டோடு நடந்த பட்டறைகளில்கூட! நாங்கள் சாதனத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம்... பிள்ளைகளோ தங்கள் பங்கு குறைகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மணி அடித்தது. ஆலோசகர் கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தார்.

"வகுப்ப மாத்தத் தேவல்ல டீச்சர்" என்றார். "மீன மாத்துங்க."

மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை பாடம், ஐந்தில் ஒன்று. குழல் பிட்டு கொண்டு போகிறேன் — தலையும் கிடையாது, வாலும் கிடையாது. பாடத்தை மட்டும் இடைவேளைக்குப் பிறகு வைத்திருக்கிறேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு... நானும்தான்!