ஏணிக்காரர் முறுக்காத போல்ட்

ஏணிக்காரருக்கு உயரம் பயமில்லை, காகிதம்தான் பயம். இருபத்தேழு வருடமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர், யாராவது படிவத்தை நீட்டினால் மூக்கிலேயே இருக்கும் கண்ணாடியைத் தேடுவார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பலகையை ஏற்றியதும் கடைசி போல்ட்டை முழுதாக முறுக்க மாட்டார்கள். கடை முதலாளி எதிர்ப்புறம் போய் நின்று, "இடது பக்கம் ஏறியிருக்கே" என்பார். எவ்வளவு நேராக மாட்டினாலும் சொல்வார். ஏதோ நிமிர்த்துகிற மாதிரி செய்துவிட்டு அப்புறம் முறுக்குவார்கள். ஒரு நாள் மருந்துக்கடை ஒன்றில் பலகை மாட்டியபோது முதலாளி இல்லை. நாளை வரலாமென்று கிளம்பிய ஏணிக்காரர், அடியோடு மறந்துபோனார். நான்காம் நாள் பலகை கழன்று, கீழே போய்க்கொண்டிருந்த தையல்காரம்மாவின் மேல் விழுந்தது. அவருக்கு வலது கை முறிந்தது.

காற்றில் விழுந்தது என்றது தெரு. ஏணிக்காரரும் தலையாட்டி வைத்தார். ஆனால் முறுக்காமல் விட்ட போல்ட் அவருக்கு நினைவு வந்துவிட்டது. அந்தக் கையை நம்பித்தானே அந்தம்மா பிழைக்கிறார்!

ஏணிக்காரரின் மச்சினி காப்பீட்டு ஏஜென்ட். போன வருடம் விடாமல் துரத்தி இவரை ஒரு பாலிசி எடுக்க வைத்தவள்.

"கடை எரிஞ்சா, ஏணி திருடு போனாதானே அதுல பணம் வரும்?" என்றார் அவளிடம்.

"அது ஒரு பகுதி மாமா. நம்ம ஆளுங்க விழுந்தா அதுக்கு ஒண்ணு. உங்க வேலையால வெளியாளுக்கு அடிபட்டா அதுக்குத் தனியா ஒண்ணு. வேண்டாம்னு நீங்க குதிச்சீங்க, அக்கா முறைச்சதும் கையெழுத்துப் போட்டீங்க."

"தப்பு என்னோடதும்மா. உண்மையைச் சொன்னா ஒரு பைசா தரமாட்டாங்க. காத்துன்னே சொல்லிடறேன்."

மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். "காத்துன்னா உங்க பொறுப்பு இல்லைன்னு ஆயிடும். அந்தம்மாவுக்கு ஒண்ணும் கிடைக்காது. வேணும்னா செஞ்சீங்க? கவனக்குறைவு. அதுக்குத்தானே மாமா இந்தப் பாலிசியே!"

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஏணிக்காரர் போல்ட் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்குச் சட்டை நனைந்திருந்தது. ஆறு வாரத்தில் மருத்துவச் செலவோடு, தைக்க முடியாத மாதங்களின் வருமானத்தையும் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அன்று மாலையே தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். அந்தம்மா கட்டுப் பிரித்த கையை மெல்ல மடக்கிக் காட்டினார். விரல்கள் அசைந்தன.

"மன்னிச்சுடும்மா."

"பார்க்க வந்தவங்க எல்லாரும் என் நேரம் சரியில்லைன்னாங்கய்யா. தப்பு உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டு, என் நேரத்துல கோளாறு இல்லைன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்லியிருக்கீங்க. உட்காருங்க."