டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது என்று எழுதியவன்

பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பற்றிய இணையத் தகவல் தளங்களில் ஒரு தப்பைப் பார்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பட்டன் நிறத்தை மாற்றிப் போட்டிருந்தால்கூட எழுதியவரை ஒரு வழி பண்ணிவிடுவேன். அப்படிப்பட்ட நானே ஒரு தப்பை எழுதினேன். ஆளைக் கொல்லக்கூடிய தப்பு.

கம்பம் ஊரில் மூடிப்போன கேம் கடையிலிருந்து ஒரு மெஷின் வாங்கியிருந்தேன். பிக்சர் டியூப் உடைந்தது, ஓடாது. இருந்தும் பின்கதவைத் திறந்து வயர் வயராகப் படம் பிடித்து ஒரு தளத்தில் ஏற்றினேன். "இந்த மாடலில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மானிட்டருக்கு நேரடி கரண்ட்" என்று குறிப்பும் எழுதினேன். உள்ளே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவனாயிற்றே, சந்தேகமே வரவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அந்தக் கடைக்காரரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேச்சுவாக்கில், "டிரான்ஸ்பார்மரயும் தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல, செவுத்துலயே தொங்குது" என்றார்.

"எந்த டிரான்ஸ்பார்மரு?"

"திராட்சைத் தோட்டத்துல மோட்டாரு போட்டா வோல்டேஜ் படுத்துரும். அதான் நாலு மெஷின்லயும் உள்ள இருந்ததக் கழட்டி, ஸ்டெபிலைசரோட சேத்து மரப்பெட்டில வச்சு செவுத்துல மாட்டுனோம். இங்கன எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மானிட்டரை ஓட்டினால் அதன் இரும்புச் சட்டத்தில் கரண்ட் பாயும். காசு போடுகிற தகரம்வரை வரும். அன்று விடிந்ததும் தளத்தில் எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. மலைமேல் கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர், அதே மாடல் வாங்கியவர்: "உங்கள் குறிப்பைப் பார்த்து வயரிங் முடித்துவிட்டேன். மதியம் பிள்ளைகள் வந்ததும் ஆன் பண்ணுகிறோம்."

உடனே பதில் போட்டேன். அவர் பார்க்கவில்லை. போன் நம்பரும் தெரியாது. மெட்டுக்குப் போகும் ஜீப்பில் ஏறினேன். ஆள் சேராமல் எடுக்க மாட்டேன் என்றார் டிரைவர். மீதி சீட்டுக்கும் நானே கொடுக்கிறேன் என்றேன். மலையில் ஒவ்வொரு வளைவிலும் யாரோ தகரத்தைத் தொடுவதாகவே தோன்றியது. இவ்வளவு பயந்து நான் எங்கும் போனதில்லை.

கடைக்குப் பின்னால் மெஷின் நின்றது. பிளக் சொருகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் காசுத் தகரத்தில் கை வைத்துக் காத்திருந்தார்கள். ஏலக்காய்க் கடைக்காரரின் விரல் சுவிட்சில் இருந்தது.

"போடாதீக" என்றேன்.

விவரம் சொன்னேன். அவர் நம்பவில்லை. போனை நீட்டினார். "நாலு தளத்துல ஒண்ணுபோலத்தான் போட்டிருக்காக. நீங்க ஒருத்தர்தான் மாத்திச் சொல்றீக."

நான்கிலும் ஒரே படம். ஓரத்தில் கதவைப் பிடித்த ஒரு கட்டைவிரல், நகத்தில் பிளவு. என் கட்டைவிரலைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, "மத்த மூணும் என்கிட்டருந்து எடுத்ததுதான்" என்றேன். அவர் படத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிள்ளைகளை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

அன்றே என் குறிப்பைத் திருத்தினேன். மற்ற மூன்று தளங்களுக்கும் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது: எங்கள் தகவல் வேறு மூன்று தளங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது, நன்றி.

ஆன் பண்ணப்போகிறேன் என்று எனக்கு எழுதியவர் அவர் ஒருவர்தான். எழுதாமல் ஆன் பண்ணுகிறவர்கள் இருப்பார்கள்.