அண்ணி பிடித்திருந்த அன்டெனாக் குழாய்

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், சவுக்கு மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஓர் இரும்புக் குழாய் இன்னும் நிற்கிறது. உச்சியில் இருந்த அன்டெனா எப்போதோ போய்விட்டது; இப்போது அதில் துணிக்கொடி கட்டியிருக்கிறோம். வெயில் நாளில் நானும் அங்கேதான் துணி காயப்போடுவேன். வானம் கறுத்தால் மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டேன். சொல்வதற்கு என்ன வெட்கம், பயம்தான்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அண்ணி, ஹற்றனில் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் ஆடியவர். இங்கே வந்து கொழுந்து பறித்தார். ஆனாலும் அந்தப் பைத்தியம் விடவில்லை. அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகளின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்ததும், முன்னணி அணிகள் மட்டும் மோதும் கடைசிச் சுற்று ஒன்று நடக்கும். அந்த ஆட்டங்களைப் பதிவுசெய்து ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் போடுவார்கள். எங்கள் மலையில் அதுதான் இடியும் மழையுமாகக் கொட்டும் காலம்.

அந்த வருடம் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் மும்மூன்று ஆட்டம் வென்று, வெற்றியை முடிவுசெய்யும் ஏழாவதில் வந்து நின்றன. அன்றைக்கென்று காற்று அன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருந்தது. யாராவது குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம். விட்டால் திரையில் வெறும் புள்ளி. நான் பிடிக்கிறேன் என்றேன். "ஒனக்குக் கை நடுங்கும் பாப்பா. நீ பாத்துச் சொல்லு, எனக்கு அது போதும்" என்று அவரே போய்ப் பிடித்துக்கொண்டார். ஆசைப்பட்டவர் வெளியே, ஆட்டம் உள்ளே. தொலைக்காட்சிக்கும் பின்வாசலுக்கும் ஓடி ஓடிப் புள்ளிகளைக் கத்திச் சொன்னேன்.

மேட்டுப் பக்கம் உறுமத் தொடங்கியது. "அண்ணி, வந்துருங்க, இடி கிட்ட வருது."

"ரெண்டு நிமிஷந்தானே கெடக்கு. இப்ப எவ்வளவு?"

"சமமா நிக்குது" என்று நான் கத்திய அதே நேரம் மின்னலில் கண் கூசியது. வீடு இருண்டது. காதைப் பிளந்த சத்தத்துக்குப் பிறகு மரம் கருகிய வாடை.

கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். அம்மாதான் என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். மேட்டில் ஒரு மரம் நெடுக்காகப் பிளந்திருந்தது. அண்ணி புல்லில் கிடந்தார்; செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். அம்மா உலுக்க உலுக்கக் கண் திறந்து, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "யாரு ஜெயிச்சா?"

அம்மா அறையாத குறை. மின்சாரம் போயே போய்விட்டது. யார் ஜெயித்தது என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அண்ணிக்கு இடது காது போனது.

இப்போது அண்ணியின் மகன் கைபேசியில் அந்த ஆட்டத்தைத் தேடித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்கிறார் அண்ணி.

நேற்று மாலை வானம் இருட்டியது. பின்வாசலுக்கு வந்தால், கொடியில் இருந்த துணிகளுக்கு நடுவே குழாயில் ஒரு கை மட்டும் தெரிந்தது. தூரத்தில் உறுமல். "அண்ணி" என்றேன். பதில் இல்லை. கேட்காத காது என் பக்கம் இருந்ததுதான் காரணம், தெரியும். தெரிந்தும் அடித்தொண்டையில் கத்தினேன்.

"என்ன பாப்பா, யாரு ஜெயிச்சா?" என்று துணிக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது.

"நீங்கதான். மொதல்ல உள்ள வாங்க."

குழாயிலிருந்து அந்தக் கை இறங்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.